கொப்பியில விட்டுப்போன சொல்லுகள்

கேள்வி: அக்கா, என்ட மகள் 4ஆம் ஆண்டு படிக்கிறா. போன வருசம்தான் வலிப்பு எண்டு கண்டுபிடிச்சாங்க, விழுந்து இழுக்கிறதில்ல, கதைச்சிக்கிட்டு இருக்கிற புள்ள கொஞ்ச நேரம் அப்பிடியே வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிப்பா, பிறகு ஒண்டும் நடக்காத மாதிரி கதைப்பா. குளிசை குடுக்கிறம், ஆனா வகுப்புல தூங்குறாவாம். சொல்வதெழுதுதல் கொப்பியில நடுநடுவுல சொல்லுகளக் காணல்ல, டீச்சர் சிவப்புப் பேனையால 'கவனமில்லை' எண்டு எழுதியிருக்கா. ஒதுக்கிருவாங்களோ எண்டு வருத்தத்தப் பத்தி பள்ளிக்கூடத்தில சொல்லல்ல. குளிசைய நிப்பாட்டுவமா? அடுத்த வருசம் 5ஆம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதினை வேற.
ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, அந்தக் கொப்பிய பத்திரமா வைங்க, அடுத்த கிளினிக்குக்கு கட்டாயம் கொண்டு போகணும். இந்த வகை வலிப்பு ஒருதடவ வந்தா 5, 10 செக்கன்தான், ஆனா ஒரு நாளைக்கு எத்தினயோ தரம் வரலாம். 'வயலுக்கு மேல கொக்கு பறந்தது' எண்டு டீச்சர் சொல்ல, புள்ள 'வயலுக்கு பறந்தது' எண்டு எழுதினா நடுவில உள்ள ரெண்டு சொல்லும் அவட காதுல விழவே இல்ல, அதுக்கு ஏசி என்ன பிரயோசனம்? பிராக்குப் பாக்கிற புள்ள தோளத் தொட்டா திரும்பும், இந்த நேரத்தில இவ திரும்பமாட்டா, டீச்சருக்கு இதக் காட்டிக் குடுங்க.

குளிசைய நீங்களா நிப்பாட்டவே கூடாது, திடீரெண்டு விட்டா பெரிய வலிப்பா வந்து நிக்காமலும் போகலாம். தூக்கத்த டொக்டரிட்ட சொல்லுங்க, டோஸ், நேரம், மருந்து எதையும் அவர் மாத்தலாம், புள்ளட நிறை கூடினாலும் டோஸ் மாறும்.

பள்ளிக்கூடத்துக்கு மறைக்காதீங்க. முன் வாங்கு, சொன்னத இன்னொருக்கா சொல்றது, விட்டத பக்கத்துப் புள்ளட கொப்பியப் பாத்து எழுத விடுறது, இவ்வளவுதான் கேக்கணும். எப்பவாவது விழுந்து இழுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாய்க்குள்ள ஒண்டும் வைக்கக்கூடாது, 5 நிமிசம் தாண்டினா ஆஸ்பத்திரி. கையில இரும்பு குடுக்கிற பிழையான பழக்கம் நம்மட ஊர்ல இன்னும் போகல்ல, அத டீச்சர்மாரே செய்வாங்க! விளையாட்டுக்கு விடுங்க, பாசிக்குடா மாதிரி கடலுக்குப் போனா மட்டும் ஒரு பெரிய ஆள் கிட்டவே நிக்கணும்.

ஸ்கொலர்ஷிப்புக்கு மேலதிக நேரம் கேக்கலாமா எண்டு அதிபரிட்ட இப்பவே கதைங்க, டொக்டர்ட கடிதத்தையும் எடுத்து வைங்க. அதுக்காக விடிய 4 மணிக்கு எழுப்பி டியூஷனுக்கு அனுப்பாதீங்க, நித்திரை குறைஞ்சா வலிப்பு கூடும், டியூஷன் சேரிட்டயும் இதச் சொல்லிருங்க.