பத்து நிமிட ஒலிப்பதிவு

வணக்கம் அம்மா,

கோவையில் ஒரு பள்ளியில் உளவள ஆலோசகராக இருக்கிறேன். உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். மனிதர்கள் ஒருவரோடொருவர் நடத்தும் பேச்சுப் பரிமாற்றத்தை ஆராயும், டி.ஏ. எனப்படும் பரிவர்த்தனைப் பகுப்பாய்வில் இரண்டு நாள் ‘101’ அறிமுக வகுப்பையும் அடிப்படைப் பயிற்சியையும் முடித்துவிட்டேன். இனி உளசிகிச்சைத் துறையில் மேல்நிலைப் பயிற்சிக்கு ஒப்பந்தம் போடலாம் என்கிறார் என் ஆசிரியர். பல ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். மன நிலைகளைக் குறிக்கும் பெற்றோர், முதிர்ந்தவர், குழந்தை என்ற மூன்று வட்டங்களும், மறைமுக நோக்கோடு திரும்பத் திரும்ப ஆடும் உளவியல் விளையாட்டுகளும், சிறுவயதிலேயே மனம் எழுதிவைக்கும் வாழ்க்கை ஸ்கிரிப்டும் எனக்கு நன்றாகவே புரிகின்றன. புத்தகங்களும் கையில் இருக்கின்றன. இதற்குமேல் என்ன கற்றுக்கொடுப்பார்கள்? நானே சிகிச்சைக்குப் போகவேண்டுமாம். எனக்கு என்ன குறை? இந்தச் சான்றிதழை வைத்துக் கிளினிக் நடத்த முடியுமா என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வீட்டார் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. இந்தியாவில் டி.ஏ. சான்றிதழ் அரசு தரும் உரிமம் அல்ல. ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று பலகை மாட்ட ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும், அதற்கான படிப்பு வேறு. பிரிட்டனில் டி.ஏ. வழியாக வந்தவர்கள் யூ.கே.சி.பி. என்ற உளசிகிச்சைக் கவுன்சிலின் உளசிகிச்சையாளர் பதிவேட்டில் இடம்பெறலாம். இங்கே அப்படி ஒரு வழி இல்லை. பலகைக்காகத்தான் என்றால் இந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோட்பாடு நன்றாகப் புரிகிறது என்கிறீர்கள். நம்புகிறேன். டி.ஏ.வை உருவாக்கிய எரிக் பெர்ன் அதை அப்படித்தான் அமைத்தார். பல ஆண்டுகள் உளப்பகுப்பாய்வு பயின்றவர் அவர். 1956-இல் சான் பிரான்சிஸ்கோ உளப்பகுப்பாய்வு நிறுவனம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அதன்பின் சிகிச்சை பெறுபவருக்கும் புரியக்கூடிய மொழியில் ஒரு முறையை உருவாக்கினார். மருத்துவமனை ஊழியர்கள் நோயாளிகளைப் பற்றி நடத்தும் ஆலோசனையை அந்த நோயாளிகளின் முன்னிலையிலேயே நடத்தச் செய்தவர் அவர். 1964-இல் வெளியான அவருடைய ‘கேம்ஸ் பீப்பிள் பிளே’ பெரும் விற்பனை கண்டது. துறைச்சொற்கள் வரவேற்பறைக்கு வந்தன. விளைவையும் பார்க்கிறோம். இரண்டு நாள் வகுப்பு முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, “நீ இப்போது குழந்தை நிலையிலிருந்து பேசுகிறாய்” என்று கணவனிடம் சொல்லும் மனைவி எந்த நிலையிலிருந்து பேசுகிறாள்? குறை காணும் பெற்றோர் நிலையிலிருந்துதான். கோட்பாடு அவளுக்குப் புரிந்துதான் இருக்கிறது.

மேல்நிலைப் பயிற்சியில் புதிய கோட்பாடு இல்லாமல் இல்லை. சிறுவயதில் எடுத்த முடிவுகளை மாற்றி எடுக்கவைக்கும் கூல்டிங் தம்பதியின் மறுமுடிவு முறை, உறவையே மையமாகக் கொண்ட பிற்காலப் போக்கு என்று படிக்க நிறைய உண்டு. ஆனால் அவற்றை நீங்கள் புத்தகத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம். சர்வதேசச் சான்றிதழுக்கான கணக்கைப் பாருங்கள்: மொத்தம் 2000 மணி நேரம். அதில் 600 மணி நேரமே வகுப்பு. 750 மணி நேரம் சிகிச்சை நாடி வருபவர்களுடன் உட்கார வேண்டும். 150 மணி நேரம் அந்த வேலையை மேற்பார்வையாளர் முன் வைக்க வேண்டும். மீதி 500 மணி நேரத்தைப் பிற பணிகளாலும் பயிற்சிகளாலும் நிரப்பலாம். இவற்றில் அந்த 150 மணி நேரம்தான் உங்களைச் சோதிக்கும்.

அங்கே நடப்பது இதுதான். சம்மதம் பெற்று எடுத்த ஒலிப்பதிவிலிருந்து பத்து நிமிடத்தைக் கொண்டுபோவீர்கள். நான் இட்டுக்கட்டிய ஓர் உரையாடலை வைத்துச் சொல்கிறேன்; உண்மையான பதிவு எதுவும் அந்த அறையைவிட்டு வெளியே வரக்கூடாது.

“நீங்கள் சொன்னபடி தினமும் எழுதிப் பார்த்தேன், மேடம். ஒன்றும் மாறவில்லை.”

“சரி, அது வேண்டாம். மூச்சுப் பயிற்சி செய்து பார்ப்போமா?”

“நீங்கள் சொன்னால் செய்கிறேன்.”

பதிவு செய்தபோது இதில் உங்களுக்கு எந்தத் தவறும் தெரிந்திருக்காது, கனிவாகத்தானே பேசியிருக்கிறீர்கள். மேற்பார்வையாளர் ஒலிப்பதிவை நிறுத்துவார். “‘ஒன்றும் மாறவில்லை’ என்று அவர் சொன்னபின் ஒரு நொடிகூட நீங்கள் பொறுக்கவில்லை. ஏன்?” என்பார். வந்தவர் மரியாதை குறையாமல் உங்கள்மீது ஏமாற்றத்தைச் சொன்னார். அதைக் கேட்டிருந்தால் கோபமும் வெளியே வந்திருக்கும். அம்மாவிடமும் அதிகாரியிடமும் காட்ட முடியாத அதே கோபம். நீங்கள் அவசரமாக இன்னொரு மருந்தை நீட்டினீர்கள். துன்புறுத்துபவர், பலியாள், மீட்பர் என்ற மூன்று வேடங்களை வைத்து டி.ஏ. அறிஞர் கார்ப்மன் 1968-இல் வரைந்த நாடக முக்கோணத்தில் அது மீட்பர் மூலை. அந்த முக்கோணத்தை நீங்களே நூறு முறை கரும்பலகையில் வரைந்திருப்பீர்கள். இருந்தும் உள்ளே போய் நின்றுவிட்டீர்கள்.

அடுத்து நுணுக்கமான வேலை. பெர்ன் சிகிச்சைச் செயல்களை எட்டாகப் பிரித்தார்: விசாரித்தல், குறிப்பிட்டுக் காட்டல், முரணைச் சுட்டல், விளக்கல், உவமை சொல்லல், உறுதிப்படுத்தல், பொருள் விளக்கம், தெளிந்து முடிவெடுக்க உதவல். உங்கள் மூச்சுப் பயிற்சி இவற்றில் எது? எதுவுமே இல்லை. அப்போது, “ஆமாம் சார், நீங்கள் சொல்வது சரிதான், அடுத்த முறை மாற்றிக்கொள்கிறேன்” என்பீர்கள். மேற்பார்வையாளர் நல்லவராக இருந்தால் அங்கே சிரிப்பார். ஏனென்றால் சிகிச்சைக்கு வந்தவர் உங்கள் முன் உட்கார்ந்து ‘நீங்கள் சொன்னால் செய்கிறேன்’ என்றதைத்தான் இப்போது நீங்கள் மேற்பார்வையாளர் முன் உட்கார்ந்து சொல்கிறீர்கள். சிகிச்சை அறையின் பரிவர்த்தனை அப்படியே மேற்பார்வை அறைக்கு வந்துவிட்டது. நம்மை இவ்வாறு பிடித்துக்காட்டும் புத்தகம் எதையும் நான் படித்ததில்லை.

நம் ஊர்ப் பயிற்சியாளர்களுக்கு இது இன்னும் கடினம் என்பது என் எண்ணம். ஆசிரியரை மறுத்துப் பேசாமல் முதல் மதிப்பெண் வாங்கி வந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் வகுப்பில் பாராட்டு வாங்கித் தரும். சிகிச்சை அறையில் எதிரில் இருப்பவரையும் நம்மைப்போலவே பணிய வைக்கும். அவர் குணமாவதற்குப் பதிலாக நல்ல மாணவராகிவிடுவார்.

உங்களுக்கு ஏன் சிகிச்சை என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. அந்த ஒரு நொடியை ஏன் பொறுக்க முடியவில்லை என்று மேற்பார்வையாளர் கேட்கலாம். வேர் வரை தோண்டுவது அவர் வேலை அல்ல. அதற்கு வேறொருவர் வேண்டும், அவர் உங்கள் ஆசிரியராக இருக்கக்கூடாது. குறை இருப்பவர்தான் போகவேண்டும் என்று ஓர் ஆலோசகரே எழுதுவது எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. உங்களிடம் வரும் பிள்ளைகளின் பெற்றோரும் இதையேதான் சொல்கிறார்கள் அல்லவா?

இவ்வளவு கண்காணிப்பு தேவையா என்று தோன்றினால் டி.ஏ.வின் சொந்த வரலாற்றையே பார்க்கலாம். 1960-70-களில் அமெரிக்காவில், கடும் மனநோயாளிகளைக் குழந்தைப் பருவத்துக்குத் திருப்பி, சிகிச்சையாளரே பெற்றோராகி மறுபடி வளர்க்கும் முறையொன்று இதற்குள்ளிருந்தே எழுந்தது. ஆரம்பத்தில் கொண்டாடப்பட்டது, பின்னர் அதில் நோயாளிகள் கொடுமைக்கு ஆளானது வெளியே வந்தது. அதைச் செய்தவர்களுக்குக் கோட்பாடு தெரியாமல் இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஆசிரியர் முழுத் தகுதி பெற்ற பயிற்றுநரா, அல்லது அதற்கான தற்காலிக நிலையில் இருப்பவரா? இரண்டாவது வகையினரும் பயிற்சி தரலாம், ஆனால் அவர்களுடைய தகுதிக்குக் காலவரம்பு உண்டு. தேர்வில் எழுத்துப் பகுதி மட்டும் 24,000 சொற்கள் வரை போகும். அதன்பின் நான்கு தேர்வாளர்கள் முன் உங்கள் ஒலிப்பதிவுகளைப் போட்டுக்காட்டி வாய்மொழித் தேர்வு. எந்த மொழியில் எழுதலாம், தமிழில் பேசிய பதிவுகளை எப்படி ஏற்பார்கள் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கட்டணத்தில் மேற்பார்வை அடங்குமா, தனியா என்றும் கேளுங்கள். பலர் இதில்தான் நடுவழியில் திணறுகிறார்கள்.

இன்னொன்று. உளசிகிச்சை, ஆலோசனை, கல்வி, நிறுவனம் என்று துறைகள் நான்கு. நீங்கள் பள்ளியில் இருக்கிறீர்கள். அங்கே வரும் பிள்ளைகளை வைத்து உளசிகிச்சைக்கான 750 மணி நேரத்தை நிரப்புவது எளிதல்ல. ஆலோசனைத் துறையோ கல்வித் துறையோ உங்கள் அன்றாட வேலைக்கு நெருக்கமானது. உளசிகிச்சைதான் வேண்டுமென்றால், பெரியவர்களைப் பார்க்கக்கூடிய இடம் ஒன்றை வாரத்தில் சில மணி நேரத்துக்காவது முதலில் தேடிக்கொள்ளுங்கள். அது அமைந்தபின் ஒப்பந்தம் போடலாம், ஆசிரியர் காத்திருப்பார்.