மகள் ஊர் சுற்றவா கேட்கிறாள், வேலை செய்யவா?

அக்கா, நேற்று நீங்கள் போனில் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்கு நன்றாக வருகிற பிள்ளை, வங்கிப் பரீட்சை எழுதினால் நல்லது என்று வீடே நினைத்திருக்க, அவள் விளையாட்டுச் செய்தியாளராகி ஒலிம்பிக்குக்கும் உலகக் கிண்ணத்துக்கும் போகப்போவதாகச் சொல்கிறாள். "பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்பிளைப் பிள்ளை தனிய நாடு நாடாய்த் திரியிறதோ?" என்று கேட்டீர்கள். உங்கள் பயம் அந்தப் பெட்டியில் இருக்கிறது. எனக்கோ, பெட்டி கட்டுகிற நாள் வரும்வரை இருக்கிற ஏழெட்டு வருடத்தை அவள் தாங்குவாளா என்பதுதான் பயம்.

இந்த ஆலோசனை வேலைக்கு வரமுதல் பத்து வருடம் விளையாட்டுப் பக்கத்தில்தான் கிடந்தேன். அதில் வெளிநாடு போனது மூன்றே மூன்று தரம். மிச்சமெல்லாம் யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கு, மத்திய கல்லூரி மைதானம், பருத்தித்துறை, தெல்லிப்பழை, வெயில், பிளேன்ரீ.

2022 இல் பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவுக்குப் போனதைச் சொல்கிறேன். நாட்டில் பெற்றோலுக்கு வரிசை, டொலர் இல்லை. நான் வேலை செய்த இடம் விமான ரிக்கெற் மட்டும்தான் தந்தது, அதுவும் கெஞ்சி வாங்கியது. லண்டனில் சித்தி வீட்டில் தங்கி, அங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலம் போய், இரவு கடைசி ரயிலைத் தவறவிட்டால் ஊடக மையத்துக் கதிரையிலேயே தலை சாய்த்துக்கொள்வது. அம்மா சித்திக்குக் கட்டித்தந்த மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் நாலு நாள் என் பையிலேயே இருந்து, மடிக்கணினி எல்லாம் அந்த வாசம். திரும்பி வந்தபோது "லண்டனில் என்ன பார்த்தாய்?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஸ்டேடியத்தின் ஊடகவியலாளர் வாசலையும் தண்ணீர் மெஷினையும் பார்த்தேன், வேறென்ன.

எங்கள் நாட்டு ஓட்டவீரர் யுபுன் அபேகோன் 100 மீற்றரை 10.14 செக்கனில் ஓடி வெண்கலம் எடுத்த இரவு, அங்கத்தைய நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம், இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. விடிந்தால் சுன்னாகத்தில் பால் வாங்க வந்தவருக்கும் அது பேஸ்புக்கில் தெரியும். அப்போது நான் ஐயாயிரம் மைலுக்கு மேல் போய் என்ன எழுதுவது? முடிவை எழுதி வேலையில்லை. தொலைக்காட்சியில் தெரியாததை எழுதவேண்டும். அது எல்லா நாளும் கிடைக்காது, கிடைக்காத நாளில் வெறும் ஸ்கோரை நீட்டி எழுதிவிட்டுக் கூச்சத்தோடு படுப்போம்.

இன்னொரு சம்பவம், இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஓடி முடித்த வீரர்கள் வெளியே போகும் வழியில், ஒரு கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் செய்தியாளர்கள் நிற்பார்கள், மிக்ஸ்ட் ஸோன் என்பார்கள். முதல் சுற்றோடு வெளியேறிய நம் நாட்டுப் பிள்ளை ஒன்று கண் சிவந்து வந்து நின்றது. அரை நிமிடம்கூட இல்லை. அவள் சிங்களத்தில் கடகடவென்று ஏதோ சொன்னாள், பக்கத்தில் நின்ற கொழும்புச் செய்தியாளர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பிறகு ஒருவரிடம் கேட்டு வாங்கித்தான் எழுதினேன். அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை. ஆனபடியால் முதல் அறிவுரை, கமரா வாங்கிக் கொடுக்காதீர்கள், சிங்கள வகுப்புக்கு விடுங்கள். ஆங்கிலம் இல்லாமல் சரிவராது என்பது அவளுக்கே தெரியும்.

ஒலிம்பிக் ஆசை நல்லதுதான். ஆனால் பத்திரிகைகளுக்கான அனுமதி அட்டை ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை என்று தேசிய ஒலிம்பிக் குழு ஊடாகத்தான் வரும். விண்ணப்பம் ஒரு வருடத்துக்கு மேல் முன்பே போகவேண்டும். பெரிய நிறுவனத்தின் கடிதம் இல்லாத சுயாதீன ஊடகவியலாளருக்கு வாய்ப்புக் குறைவு. விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்டும்போது எங்கள் சம்பளத்தைப் பார்த்து அந்தக் கவுண்டர்காரருக்கே பாவமாக இருந்திருக்கும். இங்கே பிராந்தியச் செய்தியாளர் பலருக்குச் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் காசு. இதை மறைத்துப் பிள்ளையை உற்சாகப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

படிப்பு விஷயம் சிக்கலில்லை. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடமாக எடுக்கலாம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது, கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரியில் தமிழிலும் டிப்ளோமா உண்டு. கணக்கு வருகிறதென்றால் வணிகப் பிரிவிலேயே இருந்து எழுதட்டும், நான் அதைத்தான் விரும்புவேன். கணக்குத் தெரிந்த விளையாட்டுச் செய்தியாளர் இங்கே அபூர்வம். கிரிக்கெட் ஓட்ட விகிதத்தைப் பிழையாகப் போட்டு நாங்கள் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை.

பெண்பிள்ளை என்று சொன்னீர்களே. இரவு வேலை உண்டு, அதைப் பொய் சொல்ல மாட்டேன், வீட்டுக்கு யார் கூட்டி வருவது என்பதை முதலிலேயே பேசி வையுங்கள். ஆனால் நான் இருந்த காலத்தில் எங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பெண்கூட இருக்கவில்லை. 2019 லிவர்பூல் வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்ட தர்ஜினி சிவலிங்கம் எங்கள் மண்ணின் பிள்ளை. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண்பிள்ளைகள் உதைபந்தாடுகிறார்கள். பெண்கள் ஆட்டத்துக்கு நாங்கள் எத்தனை தரம் போனோம்? வெற்றிக் கிண்ணத்தோடு எடுத்த படத்துக்குக் கீழே நாலு வரி, அவ்வளவுதான். அந்த வெற்றிடம் அவளுக்குக் காத்திருக்கிறது.

இப்போதைக்கு ஒரு வேலை கொடுங்கள். வாற சனிக்கிழமை பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் எந்த ஆட்டம் நடந்தாலும் போய் நிற்கட்டும், கொப்பியும் பேனையும் போதும். தோற்ற பக்கத்துப் பயிற்றுநரிடம் ஒரு கேள்வியாவது கேட்கவேண்டும், அதுதான் கஷ்டமான பகுதி. பின்னேரம் ஆறு மணிக்குள் 200 சொல்லில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆறு ஐந்துக்கு வந்தால் வாசிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிடுங்கள். நாலு சனிக்கிழமை இப்படிப் போகட்டும், அப்புறம் நீங்கள், நான், அவள் மூவரும் இருந்து கதைப்போம். மழை வந்து ஆட்டம் நின்றால், மழை பெய்ததை எழுதட்டும்.