கையில் 1,300 யூரோவா, பேப்பரில் 950 யூரோவா? பிரான்சுக்குக் கிளம்பும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். ஊர் பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை. வயது 21, பி.காம் முடித்தாச்சு. தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் பிரெஞ்சு பாஸ்போர்ட் கைக்கு வந்தாச்சு, ஆகஸ்ட் கடைசியில் பாரீஸ் பயணம். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் பாரீசில் நம்ம ஆட்கள் கடைகள் இருக்கும் லா சப்பலில் கடை வைத்திருக்கிறார். மாதம் 1,300 யூரோ ரொக்கமாகக் கையில், சாப்பாடு, கடைக்கு மேலேயே படுக்க இடம். இன்னொரு பக்கம் உங்களுக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் டீச்சர் சொன்ன அப்ராந்தி படிப்பு, அதாவது ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. அதில் வருவது 950 யூரோ சொச்சம். அக்கா கல்யாணத்துக்கு வைத்த நகைக்கடன் வேறு இருக்கிறது. "எதுல போனா சீக்கிரம் செட்டில் ஆகலாம் அண்ணே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்ராந்திக்கே போங்கள். நான் 23 வயதில் இதே இடத்தில் நின்று, மற்றதைப் பிடித்துக்கொண்டவன்.

1999-இல் போனேன். எனக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட்தான், ஒளிந்து வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஒரு ரெஸ்டாரண்டில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். மாதம் 5,000 பிராங்க், கவரில் போட்டுக் கொடுப்பார்கள். கான்ட்ராக்ட் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. நாங்கள் அதைக் 'கறுப்பில் வேலை' என்போம். பாதிப் பணத்தை ஊருக்கு அனுப்பினேன், குருசுக்குப்பம் வீட்டுக்கு மாடி எழும்பியது. அம்மாவுக்குப் பெருமை, எனக்கும்தான்.

2002-இல் ஒருநாள் வறுக்கும் சட்டி சாய்ந்து எண்ணெய் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டியது. முதலாளி 100 யூரோ கொடுத்து, "ரெண்டு நாள் ரெஸ்ட் எடு, ஆஸ்பத்திரியில வேலை செய்யுற இடத்தைச் சொல்லாதே" என்றார். மூன்று வாரம் அறையில் கிடந்தேன், ஒரு சென்ட் வரவில்லை. பதிவான வேலையாக இருந்திருந்தால் வைத்தியச் செலவு முழுக்க சோசியல் செக்யூரிட்டி என்கிற அரசுக் காப்பீடு பார்த்திருக்கும். முதல் 28 நாளுக்கு தினக்கூலியில் 60 சதவீதம், 29-ஆம் நாளிலிருந்து 80 சதவீதம் கொடுத்திருக்கும். வேலையிடத்து விபத்துக்கு அங்கே அதுதான் சட்டம். எனக்கு அப்போது இது தெரியாது, சொல்லவும் ஆளில்லை.

அதைவிடப் பெரிய அடி 2011-இல் தபாலில் வந்தது. பிரான்சில் 35 வயதானதும், அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையும், பென்சன் கணக்கை அனுப்புவார்கள். எந்த வருஷம், எந்த முதலாளி, எவ்வளவு சம்பளம், எத்தனை 'திரிமெஸ்தர்' என்று வரிசையாக இருக்கும். திரிமெஸ்தர் என்றால் காலாண்டு. 150 மணி நேரக் குறைந்தபட்சக் கூலி உங்கள் பெயரில் பதிவானால் ஒன்று சேரும், வருஷத்துக்கு அதிகபட்சம் நான்கு. என் காகிதத்தில் முதல் வரியே 2005 என்று இருந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. பக்கெட் பக்கெட்டாகத் தட்டு கழுவிய ஆறு வருஷம், 24 காலாண்டு, பிரான்ஸ் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. முழுப் பென்சனுக்கு 172 காலாண்டு வேண்டும், அதாவது 43 வருஷம். 2005-இலிருந்து எண்ணினால் எனக்கு அது 72 வயதில் முடியும். அந்த ஆறு வருஷமும் பதிவாகியிருந்தால் 66.

21 வயதில் பென்சனைப் பற்றி யார் நினைப்பார்கள் என்று தோன்றும். உங்கள் தாத்தாவை நினைத்துப் பாருங்கள். ஜூலை 14-க்கு மெடல் குத்திக்கொண்டு பீச் ரோடு போர் நினைவுச் சின்னத்துக்குப் போகிற நம்ம ஊர் சொல்தாக்கள் வீட்டில் இன்றுவரை அடுப்பு எரிவது எதனால்? அவர்கள் பட்டாளத்தில் இருந்த ஒவ்வொரு நாளும் அவர்கள் பெயரில் எழுதப்பட்டிருந்தது, அதனால்தான். தாத்தாவுக்குக் கிடைத்தது பேரனுக்குக் கிடைக்காமல் போகக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, இப்போதைய பணத்துக்கே வருவோம். அந்த 1,300 யூரோவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லா சப்பல் கடைகளில் நான் பார்த்தவரை வாரம் 60 மணி நேரம் சாதாரணம். மாதத்துக்கு 260 மணி, அப்படியானால் மணிக்கு 5 யூரோ. சட்டப்படி வாரம் 35 மணி வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம், அதை 'ஸ்மிக்' என்பார்கள், பிடித்தம் போகவே கையில் 1,400-க்கு மேல் வரும். தங்க இடமும் முதலாளியுடையது என்றால், சண்டை போட்ட அன்றைக்கே வேலையும் போகும், படுக்கையும் போகும்.

அப்ராந்தி சம்பளம் வயதைப் பொறுத்தது. 21 முதல் 25 வரை முதல் வருஷம் ஸ்மிக்கில் 53 சதவீதம், இரண்டாம் வருஷம் 61. படிப்புக்குக் காசு கிடையாது. வகுப்பில் உட்காரும் நேரமும் வேலை நேரம்தான், வருஷத்துக்கு ஐந்து வாரம் சம்பளத்தோடு லீவு, காலாண்டும் சேரும். சித்தப்பா வீட்டில் பங்கு வாடகை 250, சாப்பாட்டுக்கு 200, போக்குவரத்து பாஸில் பாதியை முதலாளி தர வேண்டும், போன் செலவு. இதெல்லாம் போக ஊருக்கு மாதம் 200 யூரோ அனுப்ப முடியும், ஏறக்குறைய 20,000 ரூபாய். நகைக்கடன் முழுசாக அடையாதுதான். வட்டியை விடாமல் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே வந்தால் நகை ஏலத்துக்குப் போகாது. அப்பாவிடம் இதைக் கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்; போன பிறகு போனில் பேசினால் அழுகைதான் வரும்.

என்ன படிப்பது? உங்கள் பிரெஞ்சு பே-2 (B2) என்கிற, சரளமாகப் பேசி எழுதும் அளவுக்கு வந்தால் பி.காமுக்குப் பொருத்தமான கணக்கியல் பி.டி.எஸ். (BTS) டிப்ளமா இருக்கிறது, இரண்டு வருஷம், அதையும் வேலையோடு சேர்த்தே படிக்கலாம். உங்கள் டிகிரி அங்கே எந்த அளவுக்குச் சமம் என்று எனிக்-நாரிக் என்ற அமைப்பு ஒரு சான்று தரும்; மார்க் ஷீட்டையும் கன்வகேஷன் சான்றிதழையும் கையோடு எடுத்துப் போங்கள். பிரெஞ்சு இன்னும் தட்டுத் தடுமாறுகிறது என்றால் எலக்ட்ரீசியன், பிளம்பர், ஏ.சி. மெக்கானிக் மாதிரி கைத்தொழில் 'சே.ஆ.பே.' (CAP) எடுங்கள், அது தொழிற்பயிற்சிச் சான்றிதழ். பி.காம் படித்த பிள்ளை ஒயர் இழுப்பதா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். நான் 29 வயதில் அந்தத் தொழிலைப் படித்துத்தான் என் பெயரில் முதல் சம்பளச் சீட்டு வாங்கினேன். 20 வருஷமாக அதில்தான் என் குடும்பம் நடக்கிறது.

பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வகுப்பு தொடங்கிவிடும். முதலாளி கிடைக்காவிட்டாலும் மூன்று மாதம் வரை பயிற்சி மையத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே தேட முடியும். அதுவும் கைகூடவில்லை என்றால் நீங்கள் இருக்கும் ஊரின் மிசியோன் லோக்காலுக்குப் போங்கள். 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கு வேலை, படிப்பு வழிகாட்ட இருக்கிற இடம், காசு வாங்க மாட்டார்கள். பாண்டிச்சேரிப் பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு அங்கே போவதே இல்லை, எனக்கு அதில் ரொம்ப வருத்தம். தனியாக வீடு எடுக்கும் நாள் வந்தால் வீட்டுக்காரர் ஜாமீன் கேட்பார். 30 வயது வரை உள்ளவர்களுக்கு விசால் என்கிற திட்டம் இலவசமாக ஜாமீன் நிற்கிறது. உறவுக்காரர் காலில் விழ வேண்டியதில்லை.

மிச்சம் பிடிப்பதை முதல் இரண்டு வருஷம் சீட்டில் போடாதீர்கள், எவ்வளவு நெருங்கியவர் பிடித்தாலும். பாங்கில் லிவ்ரே ஆ என்கிற சேமிப்புக் கணக்கு 10 யூரோவில் ஆரம்பிக்கலாம், வட்டிக்கு வரி கிடையாது, வேண்டும்போது எடுக்கலாம். வட்டி அதிகமில்லை. ஆனால் அவசரத்துக்கு இருக்கும்.

சித்தப்பா மனம் கோணாமல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: "பையனுக்கு முதல் நாளே கான்ட்ராக்ட் போட்டு, மாசாமாசம் முழு நேரத்துக்கும் சம்பளச் சீட்டு தருவீங்களா?" ஆமாம் என்றால் வகுப்பு தொடங்கும் வரைக்கும் அங்கே வேலை பாருங்கள். "பாதி பேப்பர்ல, பாதி கையில" என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வந்துவிடுங்கள்.

நான் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஊரில்தான் இருக்கிறேன். அதற்குள் உங்கள் சே.வே.யை, அதாவது பயோடேட்டாவை, பிரெஞ்சில் ஒரே பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.