சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் கவுன்சலிங் என்றாலே ஏன் பின்வாங்குகிறார்கள்?

சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கும் உங்கள் தம்பி சரியாகத் தூங்குவதில்லை, கவுன்சலிங் போகச் சொன்னால் கோபப்படுகிறான், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அங்கே அதே வேலையில் பல வருடம் இருந்தவன்.

'பைத்தியம் என்பார்களோ' என்ற கூச்சம் உண்டுதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம், அங்கே வேலை பார்ப்பதற்கான ஒர்க் பெர்மிட் போய்விடுமோ என்பதுதான். கம்பெனி நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் அதை ரத்து செய்யலாம். ஏஜென்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய கடன் அடைவதற்குள் ஊருக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது? முதுகு வலிக்கே எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) எடுக்கத் தயங்குகிறவன், மனசு சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வான்? ஐஎம்எச் என்கிற மனநல ஆஸ்பத்திரியின் பெயரை எடுத்தாலே எங்கள் ரூமில் பேச்சு நின்றுவிடும். தனியாக அழக்கூட அங்கே இடம் கிடையாது. வீட்டுக்குப் போன் பேசுவதே மாடிப்படியில்தான்.

2020 ஏப்ரலில் கொரோனாவால் டார்மிட்டரிகளை, அதாவது தொழிலாளர் விடுதிகளைப் பூட்டியபோது மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ளே மாதக்கணக்கில் அடைபட்டிருந்தோம். அதன் பிறகுதான் அரசாங்கமும் தொழிலாளர்களின் மனநலத்துக்கென்று தனித் திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு 24 மணி நேரமும் போன் எடுக்கிறது.

ஆனாலும் நான் பார்த்தவரை, மனசுக்காக என்று யாரும் முதலில் போவதில்லை. பல்வலிக்கு ஹெல்த்சர்வ் கிளினிக் போவார்கள். அடிபட்டு, சம்பளம் வராமல், லிட்டில் இந்தியாவில் டிடபிள்யூசி2 என்ற தொழிலாளர் உதவி அமைப்பு தரும் இலவசச் சாப்பாட்டுக்குப் போவார்கள். அங்கே யாராவது உட்கார்ந்து "ராத்திரி தூக்கம் வருதா தம்பி?" என்று கேட்டால் போதும், மளமளவென்று எல்லாம் வெளியே வந்துவிடும்.

அதனால் கவுன்சலிங் என்ற பேச்சைக் கொஞ்ச நாள் விடுங்கள். போன் செய்தால் பணம், கடன், வீட்டு வேலை என்று ஆரம்பிக்காமல் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கேளுங்கள். ஹெல்த்சர்வுக்குக் கம்பெனி வழியாகப் போக வேண்டியதில்லை, அவனே நேராகப் பேசலாம் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவையுங்கள். பலருக்கு இது தெரியாது.

செத்துவிடலாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். கூட இருக்கும் ரூம்மேட்டை உடனே அழைத்து, அவனைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். எப்படிப் பேசுவது என்று உங்களுக்கே தடுமாற்றமாக இருந்தால், இங்கே ஊரிலிருந்து 14416 என்ற டெலி மானஸ் (இந்திய அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.