ரின் கரட்டா, உறைய வைத்த கரட்டா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். தினமும் சந்தைக்குப் போக நேரமில்லை. அதனால் சூப்பர் மார்க்கெட்டில் ரின்னில் அடைத்த கரட்டும் பீட்ரூட்டுமாக மூன்று பேணி வாங்கி வைத்தேன். அங்கே உறைய வைத்த கரட் பைக்கற்றும் இருந்தது. "இரண்டுமே செத்த மரக்கறி, ஒரு சத்தும் இல்லை" என்கிறார் மாமி. கணவருக்கு பிரசர் இருக்கிறது, குளிசை எடுக்கிறார். எதைச் சமைப்பது, டொக்டர்?
(வாசகி, உப்புவெளி, திருகோணமலை)

பதில்: மாமியின் கவலை நியாயமானது. ஆனால் சத்தே இல்லை என்பது சரியல்ல. வீட்டில் பிரசர்காரர் இருப்பதால், விற்றமினுக்கு முன்னால் உப்பைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

உப்பில் இருந்து பிரசரை ஏற்றுவது சோடியம். நூறு கிராம் பச்சைக் கரட்டில் இயற்கையாக இருக்கும் சோடியம் சுமார் 70 மில்லிகிராம். உறைய வைத்ததிலும் ஏறத்தாழ அவ்வளவுதான், உப்புச் சேர்ப்பதில்லை. உப்புத் தண்ணீரில் அடைத்த ரின் கரட்டில், தண்ணீரை வடித்த பிறகும் 240 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஒருவருக்கு நாளுக்கு 2000 மில்லிகிராமுக்குள் சோடியம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் சாப்பாட்டில் கருவாடும் ஊறுகாயும் சம்பலும் ஏற்கெனவே அதில் பெரும்பங்கை எடுத்துவிடுகின்றன. அதனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது உறைய வைத்த கரட்.

இனி சத்துக்கு வருவோம். ரின்னில் அடைக்கும்போது பேணியை மூடி 121 பாகை அளவு வெப்பத்தில் வேகவைப்பார்கள். உறைய வைப்பதற்கு முன்னும் சில நிமிடம் கொதிநீரிலோ ஆவியிலோ வாட்டி எடுப்பார்கள். இரண்டிலும் தண்ணீரில் கரையும் சத்துகள்தான் அதிகம் போகும்: விற்றமின் சி, போலேற் (பி வகை விற்றமின்களில் ஒன்று), பொட்டாசியம். ரின்னில் இழப்புக் கூட. பச்சை பீட்ரூட்டில் நூறு கிராமுக்கு 109 மைக்ரோகிராம் போலேற் இருக்கும். ரின்னில் அடைத்து வடித்ததில் சுமார் 30தான் மிஞ்சும். பிள்ளை எதிர்பார்த்திருக்கும் பெண்களுக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

கரட்டின் பெருமை கரோட்டின், உடம்பு விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் செம்மஞ்சள் நிறப் பொருள். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வெப்பத்தையும் ஓரளவு தாங்கும். உறைய வைத்ததில் ஏறக்குறைய முழுவதும் இருக்கும். ரின்னில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும், மிச்சமிருப்பதே கண்ணுக்கும் தோலுக்கும் தாராளம். வெந்த கரட்டில் இருந்து உடம்பு அதைப் பச்சைக் கரட்டை விட எளிதாக எடுத்துக்கொள்ளும். தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்கிறோமே, அந்தத் தேங்காயின் கொழுப்பும் இதற்கு உதவுகிறது. நம் அம்மம்மாக்களின் கைப்பக்குவத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

உறைந்த பைக்கற்றில் ஒரு சிக்கல் நம் ஊர் வெயில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மோட்டார் சைக்கிளில் வீடு வருவதற்குள் அது இளகிவிடும். இளகியதைத் திரும்ப உறைய வைக்காமல் அன்றே சமையுங்கள். பிரீசரில் இருந்து எடுத்ததை இளக விடாமல் நேரே சட்டியில் போடுங்கள். தண்ணீர் குறைவாக விட்டு மூடி வேகவைத்தால் சத்துக் கறியிலேயே நிற்கும்.

உறைய வைத்த மரவள்ளிக் கிழங்கு மட்டும் வேறு கதை. அதன் நச்சு உறைவதால் போகாது. நிறையத் தண்ணீரில் நன்றாக அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். உருளைக்கிழங்கு சிப்ஸ் பைக்கற்றை மரக்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது ஏற்கெனவே எண்ணெயில் பொரித்தது.

மலையகத்தில் இருந்து வரும் கரட் பிரிட்ஜில் ஈரமில்லாத பையில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வாங்கி வைத்தால் வாரம் முழுக்க ஓடும்.

வாங்கிய மூன்று பேணியையும் வீசத் தேவையில்லை. மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது சீறி அடித்தாலோ, ருசி பார்க்காமலே எறியுங்கள், அதில் நரம்பை முடக்கும் நஞ்சு இருக்கலாம். நல்ல பேணி என்றால் தண்ணீரை வடித்து, குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். உப்பு ஓரளவு இறங்கும். அப்புறம் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வையுங்கள், மேலதிக உப்புப் போடாமல். பீட்ரூட் பேணியின் லேபலை ஒருமுறை வாசியுங்கள், சிலதில் வினாகிரியோடு சீனியும் சேர்த்திருப்பார்கள். வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் இருந்தால் அந்தப் பேணி அவர்களுக்கு வேண்டாம்.