எம்பிஏ மாணவர் சங்கப் பொறுப்பாளர்கள் கூடிப் பேசினால் ஏதாவது தேறுமா?

கேள்வி கேட்டவர் தம் கல்லூரியின் எம்பிஏ மாணவர் சங்கத்துக்குப் புதிதாகத் தலைவராகியிருக்கிறார். சுற்றுவட்டாரக் கல்லூரிச் சங்கங்களையும் அழைத்து, அவரவர் நல்ல நடைமுறைகளைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் ஒன்று நடத்தலாமா, அதனால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்கிறார்.

நான் அப்படி இரண்டு கூட்டங்கள் நடத்தியவள். முதலாவது வீண். இரண்டாவதில் கிடைத்ததை எங்கள் சங்கம் இன்றும் பயன்படுத்துகிறது. இரண்டுக்கும் இடையில் என்ன மாறியது என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

2022 முதல் 2024 வரை ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் எம்பிஏ படித்தேன்; இரண்டாம் ஆண்டில் சங்கச் செயலர். இப்போது மண்டபத்தில் மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கொள்முதல் கணக்குப் பார்க்கிறேன்.

பக்கத்துக் கல்லூரிக்குப் போகும் முன் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பேற்ற சூட்டோடு, 2023 மே மாதம், மேலாண்மை விழாவுக்கு நன்கொடை கேட்டு ஓர் ஐஸ் கம்பெனி முதலாளியிடம் போனேன். கோப்பு, வண்ண அட்டை, துறைத் தலைவரின் கடிதம் எல்லாம் கையில் இருந்தன. அவர் உட்காரச் சொல்லி, சர்பத் வரவழைத்துக் கொடுத்து, நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இது எந்த மாதம், தங்கச்சி?” என்றார். மே என்றேன். “விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது. நான் யாருக்கு ஐஸ் உடைக்கிறேன் என்று நினைத்து வந்தீர்கள்?” என்றார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. ஆனால் சந்தைப்படுத்தல் பாடப் புத்தகத்தோடு போன எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. வேடிக்கை அதோடு முடியவில்லை. எனக்கு முந்தைய செயலரும் அதே மே மாதத்தில், அதே முதலாளியிடம் போய், அதே சர்பத்தைக் குடித்துவிட்டு வந்தவர் என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. “சொல்லியிருக்கலாமே அண்ணா” என்றேன். “நீ கேட்கவில்லையே” என்றார்.

எம்பிஏ சங்கத்தின் பிறவிக் குறை இதுதான். படிப்பே நான்கு செமஸ்டர். முதலாம் ஆண்டு முழுக்க யார் எந்த ஊர் என்று தெரிந்துகொள்வதில் போய்விடும். இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் பொறுப்பு கைக்கு வரும். கடைசி செமஸ்டரில் திட்டப்பணி, வேலைத் தேடல் என்று ஆளுக்கொரு திசையில் போய்விடுவோம். கணக்குப் போட்டால் ஒரு செயலர் முழுதாகச் செயலராக இருப்பது ஏழெட்டு மாதம்தான். பட்ட அடியிலிருந்து பாடம் கற்று முடிக்கும்போது பதவி முடிந்திருக்கும். அடுத்தவர் மறுபடியும் சர்பத்திலிருந்து தொடங்குவார்.

ஆகவே உங்களுக்கு என் முதல் யோசனை: அடுத்த கல்லூரித் தலைவரை அழைக்கும் முன், உங்கள் சங்கத்தின் சென்ற ஆண்டுச் செயலரைத் தேடிப் பிடித்து ஒரு வேளை சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

இனி அந்த முதல் கூட்டம். 2023 ஆகஸ்ட், எங்கள் கருத்தரங்கக் கூடம், ஐந்து கல்லூரிகள், ஐந்து படக்காட்சிகள். எல்லாவற்றிலும் குத்துவிளக்கு ஏற்றும் படம் ஒன்று, பொன்னாடை போர்த்தும் படம் இரண்டு, கடைசியில் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கி நிற்கும் குழுப்படம் ஒன்று. “நாங்கள் பன்னிரண்டு நிகழ்ச்சிகள் நடத்தினோம்” என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் பதினான்கு என்றார். எங்கள் முறை வந்தபோது நானும் எங்கள் எண்ணிக்கையைச் சற்று உப்ப வைத்தேன். வகுப்பறையில் நடந்த வினாடி வினாவைக்கூடத் தனி நிகழ்ச்சியாகக் கணக்கில் சேர்த்தேன். ஆசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது எவர் வாயிலிருந்தும் தோல்வி வராது. நான்கு மணி நேரம் ஓடியது. குறிப்பேட்டில் நான் எழுதியது ஒரு வரி.

அந்த ஒரு வரியும் கூடத்துக்கு வெளியே கிடைத்தது. தேநீர் இடைவேளையில் இன்னொரு கல்லூரியின் பொருளாளர், கையில் பாதி சமோசாவோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தருகிறேன் என்று சொன்ன பணத்தை வரவில் எழுதிவிடாதீர்கள். நாங்கள் எழுதி, செலவும் செய்துவிட்டோம். பாதிதான் வந்தது. மேடைக்காரருக்கு இன்னும் பாக்கி.” மேடையில் இதே கல்லூரிதான் பதினான்கு நிகழ்ச்சிகள் நடத்தியிருந்தது.

அவர் பேச்சைக் கேட்டிருந்தும் நான் வேறொரு குழியில் விழுந்தேன். செப்டம்பரில் எங்கள் விழா. பதிவு செய்தவர்கள் 180 பேர். பிரியாணி 180 பேருக்குச் சொன்னோம். வந்தவர்கள் 112 பேர். மீதம் 68 பேர் சாப்பாடு. விடுதி, காவலர்கள், தோட்டக்காரர்கள், பக்கத்துத் தெரு என்று கொடுத்துத் தீர்த்தோம். ஆனால் பணம் போனது போனதுதான். மிச்சத்தொகைக்குச் சமையல் மாஸ்டரிடம் நடந்த பேரத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டாவது கூட்டத்தை 2024 ஜனவரியில் வேறு விதமாக வைத்தோம். அந்த யோசனை ஒரு வகுப்புத் தோழியின் வீட்டில் பிறந்தது. அவள் அப்பா பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருப்பவர். நாங்கள் புலம்புவதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எங்கே மீன் பட்டது என்று எவனும் வாய் திறக்க மாட்டான், கேட்கவும் கூடாது. ஆனால் எந்தப் பாரில் வலை மாட்டிக் கிழிந்தது என்று கேட்டுப் பாருங்கள், வந்து இறங்கியதும் எல்லோரும் சொல்வார்கள்.” பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. வலை விலை தெரிந்தவர்களுக்கு இந்தப் பேச்சின் அருமை புரியும்.

ஆக, விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு சங்கமும் தன் கணக்கு நோட்டை எடுத்து வர வேண்டும், எங்கே வலை கிழிந்தது என்று அதில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். படக்காட்சி கிடையாது, ஆசிரியர்கள் கிடையாது, ஒரு கல்லூரிக்கு இரண்டே பேர், அதில் ஒருவர் முதலாம் ஆண்டு மாணவர். எங்கள் துறைத் தலைவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு, “என் காதுக்கு எதுவும் வராதவரை சரி” என்று அனுமதித்தார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றி உண்டு.

நன்கொடையாளர் பட்டியலைக் கேட்கக் கூடாது என்றும் முடிவு செய்துகொண்டோம். அது அவரவர் மீன்பிடிக்கும் இடம். இதைக் கஞ்சத்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே ஊரில் ஒரே ஜவுளிக்கடை வாசலில் நான்கு சங்கங்கள் போய் நின்றால் நான்குக்கும் கிடைக்காது.

என் முறை வந்தபோது பிரியாணிப் பக்கத்தைத் திறந்தேன். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாணவி கேட்டாள்: “எண்ணிக்கையை மாஸ்டரிடம் எப்போது சொன்னீர்கள், அக்கா?” இரண்டு நாள் முன்பு என்றேன். “நாங்கள் அன்று காலை ஒன்பது மணிக்குச் சொல்வோம். ஒவ்வொரு அணியிலும் ஒருவருக்கு, பஸ் ஏறியதும் எத்தனை பேர் என்று அழைத்துச் சொல்லும் வேலை. முக்கால்வாசிப் பேருக்கான அரிசி, கறி முதலிலேயே உறுதி. மீதி காலையில் வரும் எண்ணிக்கையைப் பொறுத்து. மாஸ்டரிடம் முன்பே பேசிவைத்தால் ஒத்துக்கொள்வார்.” இவ்வளவுதான் விஷயம். இதற்கு எந்தப் பாடநூலும் தேவைப்படவில்லை; எங்கள் ஆறு மாதச் சேமிப்புதான் தேவைப்பட்டது.

அன்று மேசையில் பிறந்த இன்னொரு பொருள் ஒரு நாட்காட்டி. யார் எந்தத் தேதியில் அடி வாங்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனபோது தானாக உருவானது. ராமேசுவரத்துக்கு அருகில் விழா வைப்பவர்கள் ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளை ஒட்டி வைக்கக் கூடாது. விடுதியில் அறை கிடைக்காது, பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. செப்டம்பர் 11 பரமக்குடியிலும், அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன்னிலும் நினைவு நாள் நிகழ்ச்சிகள். வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும், மதுரை அணிகள் வருவது சந்தேகம். ஏர்வாடி சந்தனக்கூடு நாளில் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அது பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுதோறும் மாறும். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளி மேடை வேண்டாம். அப்போது ரயில் தொல்லையும் இருந்தது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்ததால் ரயில்கள் தீவுக்குள் வராமல் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்த பிறகு அந்த வரியை அடித்துவிட்டார்கள். தடைக்காலத்தை நான் சிவப்பு மையில் எழுதினேன்.

நாட்காட்டியைப் பார்த்ததும் இன்னொன்று தெரிந்தது: எல்லாத் தடையும் போக எஞ்சும் நல்ல வாரங்கள் கொஞ்சம்தான். அதனால்தான் எல்லோரும் ஒரே வாரத்தில் முட்டிக்கொள்கிறோம். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதைச் சொல்லித்தான் நாங்களும் வாரங்களைப் பிரித்துக்கொண்டோம். மறு ஆண்டே ஒரு கல்லூரி மீறியது, சண்டை வந்தது, கடலிலும் அப்படித்தான்.

சரி, வெற்றி பெற்ற நடைமுறையைப் பகிர்வதே தவறா? தவறில்லை. அதை நட்ட மண்ணையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அடுத்த இடத்தில் வேர் பிடிக்காது. மதுரைக் கல்லூரி ஒன்றில் மாலை ஆறு மணிக்குத் தொழில்முனைவோர் சந்திப்பு நடத்திப் பெரும் வரவேற்பு என்றார்கள். அப்படியே கொண்டுவந்து நடத்தினோம். நான்கரை மணிக்குக் கூட்டம் கரையத் தொடங்கியது. சாயல்குடிக்கும் தொண்டிக்கும் போகிறவர்கள் அந்த நேரத்து பஸ்ஸை விட்டால் வீடு சேர இரவாகிவிடும். ஆறு மணிக்கு விருந்தினர் பேசும்போது கூடத்தில் விடுதி மாணவர்கள் பதினொரு பேர். அந்த மதுரைக் கல்லூரியில் முக்கால்வாசிப் பேர் விடுதியில் தங்குபவர்கள் என்பதை நாங்கள் கேட்கவில்லை. அவர்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. நாங்கள் அதையே மதிய உணவு நேரத்துக்கு மாற்றினோம். இப்போது நன்றாக நடக்கிறது.

அமெரிக்க, ஐரோப்பிய வணிகப் பள்ளிகளின் வழிமுறைகளை இணையத்தில் படித்துவிட்டு வருபவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே எம்பிஏவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள். நம் வகுப்பில் பாதிப் பேர் பி.காம் முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருப்பவர்கள். அங்கே பல சங்கங்கள் தம் வரவு செலவைத் தாமே பார்த்துக்கொள்ளும். நம்முடையதில் காசோலைக்குத் துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டும், அவர் விடுப்பில் இருந்தால் மேடைக்காரர் காத்திருக்க வேண்டும். படியுங்கள், தடையில்லை.

வாட்ஸப் குழு போதாதா என்று இன்னொருவர் கீழே கேட்டிருக்கிறார். எங்கள் ஐந்து கல்லூரிக் குழு 2024 மே மாதம் வரை உயிரோடு இருந்தது. அதன் பிறகு பிறந்தநாள் வாழ்த்தும் வேலைவாய்ப்பு விளம்பரமும்தான் வந்தன. பதவிக்கு வந்த புதியவர்களை யாரும் சேர்க்கவில்லை. அதனால் சங்கத்துக்கென ஒரு மின்னஞ்சல் முகவரியைச் செயலரின் பெயரில் தொடங்காமல் பதவியின் பெயரில் தொடங்கி, கடவுச்சொல்லை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தோம். கணினித் துறைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும். துணைச் செயலர் கட்டாயம் முதலாம் ஆண்டு மாணவராக இருக்க வேண்டும் என்ற விதியும் அந்த ஜனவரிக் கூட்டத்தில் கடன் வாங்கியதுதான். நோட்டைவிட அது பயனுள்ளது, நோட்டைப் படிக்காதவர்கள் உண்டு.

சென்ற மாதம் கல்லூரிக்குப் போயிருந்தேன். நோட்டு கையிலிருந்து கைக்கு மாறி, அட்டை கிழிந்து, மீன் பெட்டிக்கு ஒட்டும் பழுப்பு நாடாவால் முதுகு ஒட்டப்பட்டிருந்தது. பிரியாணிப் பக்கத்தில் சமையல் மாஸ்டரின் எண்ணுக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியாத கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: “நல்ல கை. காலை ஒன்பது மணி ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்கிறார். 2023 செயலரின் பெயரைச் சொல்ல வேண்டாம்.”