மறுபடியும் கேட்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் நீங்கள் ஒரு வரியில் பரிந்துரைத்திருந்த ஃபுமினோ யூகியின் ‘ஹிதமாரி கா கிகோஎரு’ என்னும் மங்காவின், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையின், முதல் நூலை, நானும் மூன்று தோழியரும் ஒரு நண்பரும் ஆங்கிலத்தில் படித்தோம். இது நட்புக்கதை, காதல் பின்னால் ஒட்டவைத்தது என்கிறாள் ஒருத்தி. செவித்திறன் குறைந்தவனின் வாழ்க்கையைச் சொல்லவந்த கதைக்குக் காதல் எதற்கு என்கிறாள் இன்னொருத்தி. ஆணும் ஆணும் காதலிக்கும் ‘பிஎல்’ மங்காக்களை மூட்டைமூட்டையாகப் படித்தவளான மூன்றாமவள், ஒன்றுமே நடக்கவில்லை என்று சலித்துக்கொண்டாள். நண்பர் தன்பால் விருப்பமுடையவர். அவருக்குக் கதை பிடித்தது. ஆனாலும், ‘பெண்கள் பெண்களுக்காகச் செய்யும் இனிப்பு இது, என் போன்றவர்களின் வாழ்க்கை இதில் எங்கே?’ என்று கேட்டார். எனக்கும் மிகவும் பிடித்திருந்தது, ஏன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. மென்மை என்று நாம் பாராட்டுவது வெறும் தப்பித்தல்தானா? அடுத்த தொகுதிகளையும் வாங்கலாமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

தலைப்பிலிருந்தே தொடங்குகிறேன். ‘ஹிதமாரி’ என்றால் வெயில் வந்து தேங்கி நிற்கும் இதமான இடம். ஆங்கிலத்தில் ‘சன்ஸ்பாட்’ என்று பெயர் வைத்ததில் சூரியனின் கரும்புள்ளியும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது, போகட்டும். ‘கிகோஎரு’ என்பது காதில் விழுவதைக் குறிக்கும் சொல். அதோடு உறவுடைய ‘கிகு’ என்னும் வினைக்கு, செவியால் கேட்பது, வினவுவது என்று இரண்டு பொருளும் ஜப்பானிய மொழியில் உண்டு. நம்முடைய ‘கேள்’ என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிந்துபோகும் இந்தச் சொல் தமிழ் வாசகருக்கு முழுதாகவே கிடைக்கிறது என்பதும், இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு சொல்லின் மீதுதான் நிற்கிறது என்பதும் என் எண்ணம்.

கதை நாயகர்கள் இருவரில் ஒருவனான கோஹேக்கு முற்றிலும் கேட்காது என்பதில்லை. கொஞ்சம் கேட்கும், கொஞ்சம் விடுபடும். பலர் ஒரே நேரத்தில் பேசினால் எல்லாம் கலங்கிவிடும். இந்த அரைகுறைதான் அவனுடைய சிக்கல். ‘என்ன சொன்னாய்?’ என்று திரும்பக் கேட்டுக்கேட்டு, கேட்கப்படுபவர் முகத்தில் தோன்றும் சலிப்பைப் பார்த்துப்பார்த்து, ஒரு கட்டத்தில் அவன் கேட்பதையே நிறுத்திவிட்டான். பல்கலைக்கழகத்தில் அவன் அழகன், ஆனால் திமிர்பிடித்தவன் என்று பெயரெடுத்திருக்கிறான். என் பெரிய மாமாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் காது மந்தமாயிற்று. கல்யாண வீடுகளில் யார் என்ன சொன்னாலும் புன்னகையோடு தலையாட்டுவார். ஒருவர் தன் மனைவி இறந்துபோனதை மாமாவிடம் சொன்னபோது, அதே புன்னகையோடு ‘நல்லது, நல்லது’ என்றார். சொன்னவர் முகம் மாறியதை மாமாவும் பார்த்துவிட்டார். அதன்பின் அவர் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. கோஹே மதிய வேளையில் தனியே உட்கார்ந்து சாப்பிடும் பக்கங்களைப் பார்த்தபோது எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

அந்த இடத்துக்குத்தான் மற்ற நாயகனான தாய்ச்சி வந்து விழுகிறான். தாத்தாவோடு வாழ்பவன், எப்போதும் பசியோடிருப்பவன், மெதுவாகப் பேசவே தெரியாதவன். கோஹேயின் மதிய உணவுப் பெட்டிக்குக் கைம்மாறாக, விரிவுரைகளைக் குறிப்பெடுத்துத் தர அவன் ஒப்புக்கொள்கிறான். ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் கேட்கும் திறன் குறைந்த மாணவர்களுக்கென உள்ள ஏற்பாடு இது: உடன் படிக்கும் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, ஆசிரியர் பேசுவதை அப்போதைக்கப்போதே எழுதிக் காட்ட வேண்டும். பேச்சின் வேகத்துக்குக் கை ஓடாது. எதை விடுவது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்க வேண்டியிருக்கும். ஒருவனுக்காக இன்னொருவன் கேட்பது என்பது இதைவிட நேரடியாக நடக்க முடியாது. பிறகொரு நாள் தாய்ச்சி, கேட்காதது உன் குற்றமல்ல, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேள் என்ற பொருளில் கோஹேயிடம் பொரிந்து தள்ளுகிறான். அவன் இரக்கப்பட்டிருந்தால் அது தொண்டாகப் போயிருக்கும். அவனுக்கு வருவதோ கோபம். திரும்பக் கேட்கும் உரிமையை ஒருவன் இன்னொருவனுக்கு இவ்வளவு சத்தமாக அளித்துவிட்ட பிறகு, இது நட்பா, காதலா, செவித்திறனைப் பற்றிய கதையா என்று பிரித்துப் பார்ப்பதற்கு அங்கே தையல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்கள் முதலிரு தோழியரும் ஒரே துணியின் இரு பக்கங்களைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். மங்கா ஓசையற்ற கலை. தாய்ச்சியின் கூச்சலை எழுத்தின் அளவாகவும் திறந்த வாயாகவும்தான் நாம் அறிகிறோம். அதாவது, கோஹேயைப் போலவே உதடுகளையும் முகங்களையும் பார்த்துப் புரிந்துகொள்ளும் நிலையில் வாசகரும் இருக்கிறார். இதே கதை 2017-இல் திரைப்படமாகவும் 2024-இல் டிவி டோக்கியோவில் தொடராகவும் வந்தது. நடிகர்களின் குரல் நம் காதில் தடையின்றி விழத் தொடங்கியதுமே, காகிதத்தில் இருந்த அந்தச் சமநிலையைக் காப்பது கடினமாகிவிடுகிறது.

ஒன்றும் நடக்கவில்லை என்ற தோழிக்கு: பிஎல்லின் முன்னோடிகளில் நடந்தவை கொஞ்சநஞ்சமல்ல. ஹாகியோ மோட்டோ 1974-இலும் தாகெமியா கெய்கோ 1976-இலும் தொடங்கிய புகழ்பெற்ற தொடர்கள் ஐரோப்பிய விடுதிப் பள்ளிகளில் நிகழ்பவை; இரண்டிலும் சாவு உண்டு. இரு பையன்கள் காதலித்தால் ஒருவன் செத்தே ஆகவேண்டும் என்பது ஏறக்குறைய விதியாகவே இருந்தது. பின்னாளில் முந்துபவன் ‘செமெ’, இணங்குபவன் ‘உகெ’ என்ற வார்ப்பு வந்து, பல கதைகளில் அட்டையைப் பார்த்தே யார் எவர் என்று சொல்லிவிட முடிந்தது. ஃபுமினோவின் இருவரையும் அந்த வார்ப்பில் ஊற்ற முடியாது. ஒருவரும் சாகாமல், ஒருவரும் வற்புறுத்தப்படாமல், உச்சக்கட்டம் என்று ஏதுமின்றி, சோற்றுப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு நூல் முழுவதையும் நகர்த்துவது அந்த மரபுக்குள் சிறிய செயலன்று. முதல் நூல் முடியும்போதுகூட அவர்கள் தங்களைக் காதலர் என்று அழைத்துக்கொள்வதில்லை. திரும்பத் திரும்பக் கேட்க நேரம் பிடிக்கும். கதையின் நிதானமும் அந்த நேரம்தான்.

ஆனால், அடுத்த தொகுதிகளுக்கும் இதே சலுகையை நான் தரமாட்டேன். தாய்ச்சி படிப்பை விட்டு வேலைக்குப் போகும் இரண்டாம் நூல் நன்று, வாங்குங்கள். அதற்கடுத்த ‘லிமிட்’ வரிசையில், கேட்கக் கற்றுக்கொண்ட அதே இருவர், கதை நீளவேண்டும் என்பதற்காகவே ஒருவரையொருவர் கேட்காமல் இருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஒருவர் மனதிலிருப்பதை மற்றவர் தானாக ஊகித்துக்கொண்டு ஒதுங்குவதும், சொல்லாமல் மறைப்பதும் எந்தக் காதல் தொடரிலும் கிடைக்கும் சரக்கு. கடன் வாங்கிப் படித்தால் போதும்.

உங்கள் நண்பரின் கேள்விக்கு என்னிடம் சமாதானம் இல்லை, ஏனெனில் அது நியாயமானது. அது பழையதும்கூட. 1992-இல் சாதோ மசாகி என்ற தன்பால் விருப்பச் செயற்பாட்டாளர் ஒரு பெண்ணியச் சிற்றிதழில், யாஒய் என்னும் ஆண்-ஆண் காதல் மங்காக்களை வரையும், படிக்கும் பெண்கள் தங்கள் இன்பத்துக்கு எங்களை எடுத்தாள்கிறார்கள் என்று கடுமையாக எழுதினார். பல ஆண்டுகள் நீடித்த அந்தச் சண்டைக்கு ‘யாஒய் விவாதம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர்களைப் போன்ற வாசகிகள் பின்னர் தங்களையே ‘ஃபுஜோஷி’, அதாவது ‘அழுகிய பெண்’, என்று சிலேடையாக அழைத்துக்கொண்டதில் அந்தக் குற்றச்சாட்டின் எதிரொலியும் இருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. ஃபுமினோவின் முதல் நூல் வந்தது 2014-இல். டோக்கியோவின் ஷிபுயா, செத்தகாயா வட்டாரங்கள் தன்பால் இணையருக்குச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியதே 2015-இல்தான். அந்தச் சான்றிதழும் திருமணம் ஆகாது. அப்படிப்பட்ட ஒரு நாட்டில் நிகழும் காதல்கதை, காது கேளாமைக்குச் சமூகம் தரும் வலியை இவ்வளவு நுட்பமாகக் காட்டிவிட்டு, தன்பால் காதலுக்கு அது தரும் வலியை ஏறக்குறைய தொடாமலே நகர்கிறது. மென்மை இங்கே கொஞ்சம் தப்பித்தல்தான். நீங்கள் ஐயப்பட்டது சரி.

உங்கள் நண்பருக்கு ஒரு நூலைக் கொடுங்கள். அதே 2014-இல் தொடராக வரத் தொடங்கியது தாகாமே கெங்கோரோவின் ‘ஒதோதோ நோ ஒத்தோ’, ‘தம்பியின் கணவன்’. தாகாமே தன்பால் விருப்பமுடையவர். இந்தத் தொடர் வந்தது பொதுவாசகருக்கான இதழில். இதுவும் மென்மையானதே. இறந்துபோன தம்பியின் கணவரான கனடாக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அண்ணன் மனதுக்குள் எதையெதையோ போட்டுக் குமைந்துகொண்டு வாயைத் திறக்காமலிருக்க, அவருடைய சின்ன மகள் கானா, ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று பட்டென்று கேட்டுவிடுகிறாள்.